நாற்பது நாள் முடியும் முன்னே

மூத்திரம் வராமல் போனால் ஆள் செத்துப்போவார் என்பது எனக்கு இருபத்தைந்து வயது வரை தெரியாது. சோறில்லாமல் சாவார்கள், தண்ணீரில்லாமல் சாவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். உள்ளே போன தண்ணீர் வெளியே வராமலும் சாகலாம் என்பதைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் தலைமாட்டில் நின்று நர்ஸிடம் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. ஏன் தெரியவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எங்களைத் திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். ஆபரேஷன் வேண்டும் என்றால் டாக்டரே உட்காரவைத்துப் பேசுகிறார். நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். அன்றைக்கு ஊர் எங்களுக்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. ஊசி என்றால் மயக்கம், பல்லி என்றால் ஓட்டம். இதில் வீரதீரம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

செங்கம் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். அவர்களுக்குக் காரம் கம்மியாகப் போடத் தெரிந்தால் போதும், சமைப்பது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மெஸ்ஸுக்குப் பின்தெருவில் ராணியக்காவோடு ஓர் ஓட்டு வீட்டில் இருந்தேன். அக்காவும் என்னைப் போலத்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வசந்தி என்ற பெயரை எனக்கு வைத்தவளும் அவள்தான்.

உடம்பை மாற்றிக்கொள்ள அன்றைக்கு எங்களுக்கு இருந்த வழிகளைச் சொல்லிவிடுகிறேன். எங்களிலேயே கைதேர்ந்த ஒரு மூத்தவள் விடியற்காலையில் எங்கள் தெய்வமான மாத்தாவைக் கும்பிட்டுவிட்டுக் கத்தியை எடுப்பாள். மரத்துப்போக ஊசி கிடையாது, தையல் கிடையாது. அதைத் தாயம்மா கை என்போம். ராணியக்கா அந்தக் கையில் பிழைத்தவள். அவள் அந்தக் கதையை ஆரம்பித்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். பம்பாயில் பெரிய சர்ஜன்கள் இருப்பதாகவும், தோலையே உள்பக்கம் திருப்பிப் பெண்ணுக்கு இருப்பதுபோல் பாதை அமைத்துத் தருவதாகவும் பேசிக்கொள்வார்கள். அதற்கு மனநல டாக்டர் மாதக்கணக்கில் பார்த்துச் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டுமாம். பம்பாய் எங்கே, மெஸ்ஸில் ரசம் கூட்டும் நான் எங்கே? நடுவில் ஒரு வழி இருந்தது. தூரத்து ஊர் ஒன்றில் ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் பின்வாசல் வழியாக எங்களை அழைத்து ஆபரேஷன் செய்வார். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். ஆணுக்கு உரியதையெல்லாம் எடுத்துவிட்டு, மூத்திரம் போக மட்டும் கீழே ஒரு துவாரம் வைத்துத் தைப்பார். வேறு பாதை எதுவும் அமைக்க மாட்டார். சாயங்காலமே பஸ் ஏற வேண்டும். நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த ஊரையும் டாக்டரையும் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை.

அவர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். ரப்பர் குழாயைப் பத்தாம் நாள் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காது குத்திவிட்டுக் குச்சி வைக்காமல் விட்டால் ஓட்டை தூர்ந்துவிடும் அல்லவா, இதுவும் அப்படித்தான், அதனால் இருபதாம் நாள் கட்டாயம் திரும்பி வா, மெல்லிய கம்பி விட்டு விரித்துவிடுகிறேன் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் வழக்கத்தில் ஆபரேஷன் ஆனவள் நாற்பது நாள் வாசற்படி தாண்டக்கூடாது. கண்ணாடி பார்க்கக்கூடாது. ஆண் முகத்தில் விழிக்கக்கூடாது. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பால்குடம் எடுக்கவைத்து, மாத்தாவின் முன்னால் பெண்ணாக நிறுத்துவார்கள். இருபதாம் நாள் பஸ் ஏறி ஆண் டாக்டரிடம் போவதாவது? ராணியக்காவிடம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. போதாததற்குத் தண்ணீர் குடித்தால் புண் ஈரம் கட்டும் என்று அவள் அளந்துதான் கொடுப்பாள். மூத்திரம் போனால் எரிந்ததால் எனக்கும் அது வசதியாக இருந்தது.

குழாயை எடுத்த பிறகு சில நாட்கள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு தாரை மெலிந்தது. நூலானது. சொட்டானது. நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பதினைந்தாம் நாளோ என்னவோ, கஞ்சி குடித்த எவர்சில்வர் தட்டைக் கழுவும்போது அதில் என் முகம் தெரிந்தது. உடனே கவிழ்த்திருக்க வேண்டும். நான் கவிழ்க்கவில்லை. புருவம் எப்படி இருக்கிறது, கன்னம் பூரித்திருக்கிறதா என்று ஆசை தீரப் பார்த்தேன். அதற்குத்தான் மாத்தா என் வழியை அடைக்கிறாள் என்று நம்பினேன். சொன்னால் தட்டு விஷயமும் வெளியே வந்துவிடும். செத்தாலும் சாவோம், சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் காலையிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. மத்தியானத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. படுக்கவும் முடியவில்லை, குந்தவும் முடியவில்லை. ராணியக்கா வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனாள்.

"எத்தினி நாளாடி இப்டி?"

"ஒரு வாரமா கம்மியா வந்துக்கினு இருந்துச்சுக்கா."

"ஏன்டி பாவி சொல்லல?"

"தட்டுல மூஞ்சி பார்த்துட்டேன்கா" என்று ஓவென்று அழுதேன்.

அக்கா என்னை முறைத்தாள். பிறகு மாத்தா படத்தைப் பார்த்தாள். வாசற்படியைத் தாண்டினால் தெய்வக் குற்றம், தாண்டாவிட்டால் பிணம். கடைசியில் ஓடிப்போய் ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்து வந்தாள். தன் புடவை ஒன்றை என் தலையிலிருந்து இடுப்பு வரை போர்த்தினாள்.

"கண்ண இறுக்க மூடிக்கோ. வண்டிக்காரனும் ஆம்பள, டாக்டரும் ஆம்பளயாத்தான் இருப்பான். இன்னா ஆனாலும் தொறக்காத. மீதிய மாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அதனால்தான் ஆஸ்பத்திரியில் என்னை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியபோதும், டாக்டர் வயிற்றை அழுத்தியபோதும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் கண்ணும் திறந்துவிடும் என்று பல்லையும் கடித்துக்கொண்டிருந்தேன். நினைவு தப்பிவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நோயாளிக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நர்ஸிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"மூத்திரம் அடைச்சு விஷம் மூளைக்கு ஏறிடுச்சு போல, சிஸ்டர். கிட்னி ரெண்டும் நின்னுடும். நைட் தாண்டாது. இப்பவே வெளிய அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு நான் பார்த்த முதல் ஆண் முகம், மீசை சரியாக முளைக்காத ஒரு டியூட்டி டாக்டரின் முகம். அவர் ஓரடி பின்னால் குதித்தார். "டாக்டர், என்ன சாவ விடாதீங்க" என்றேன். மாத்தா, நாற்பது நாள், எதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை. உயிர் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

கீழே குழாய் விட முயன்றார்கள். நுழையவில்லை. துவாரம் கடுகளவுகூட இல்லை, சுற்றிலும் தழும்பு இறுகிவிட்டது என்றார் டாக்டர். பிறகு தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, வயிற்றின் மேலிருந்தே நேராக மூத்திரப்பையில் ஒரு குழாயை இறக்கினார். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் சாகவில்லை என்று மட்டும் புரிந்தது.

ஆனால் அது தற்காலிக வழிதான். வயிற்றில் குழாயோடு ஒருத்தி எத்தனை நாள் இருக்க முடியும்? அதோடு, கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சாயங்காலமே போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து, யார் வெட்டியது என்று கேட்டார். இதற்கு எங்கள் வீட்டில் மனப்பாடம் செய்த பதில் ஒன்று உண்டு.

"நானே செஞ்சிக்கினேன் சார்."

"இவ்ளோ நேரா தையலும் நீயே போட்டுக்கினியா?"

அவர் என்னையும் ராணியக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு, மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வரவேயில்லை. ஆனால் வார்டு வாசலில் காக்கி நிறம் தெரிந்தாலே, தபால்காரராக இருந்தாலும், போர்வைக்குள் போய்விடுவேன்.

சீட்டில் என் பழைய பெயரை எழுதியிருந்ததால் ஆண்கள் வார்டில் போட்டார்கள். மற்ற நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் அவர்களுக்குப் பழம் கொடுத்த கையோடு என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ராணியக்கா புடவையைத் திரைபோல் பிடித்துக்கொண்டு நிற்பாள். கை வலித்தால் வாய் சும்மா இருக்காது.

"தீபத்தன்னிக்கு அர்த்தநாரீஸ்வரரு ரெண்டே ரெண்டு நிமிஷம்தான் வெளிய வராரு. நீ பாரு, நாள் பூரா காட்சி குடுத்துக்கினு கெடக்குற."

மூன்றாம் நாள் பெரிய சர்ஜன் வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். அக்காவை வெளியே போகச் சொல்லிவிட்டு என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லு. உன்னைக் கட்டிப் போட்டுச் செஞ்சாங்களா? அந்த அம்மாவுக்குப் பயப்படாத."

"இல்லிங்க டாக்டர். நானா போய்த்தான் செஞ்சிக்கிட்டேன்."

அவர் நம்பவில்லை. ஏமாற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்றே அவர் மனதில் இருந்தது. நல்ல மனிதர், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்டவரென்றால் எதிர்த்து ஏதாவது சொல்லலாம்.

இரண்டு விதமாகச் செய்யலாம் என்று விளக்கினார். ஒன்று, கீழே தூர்ந்துபோன துவாரத்தைத் திறந்து, உள்தோலை வெளிப்பக்கம் மடித்து அகலமாகத் தைப்பது. பெண்களைப் போல உட்கார்ந்து போக வேண்டும், ஆனால் மறுபடி அடைக்காது. மற்றது, வயிற்றுத் தோலைத் தூக்கிக் குழல்போல் உருட்டித் தைத்து, ஆறேழு மாதத்தில் கட்டம் கட்டமாகக் கீழே கொண்டுவந்து ஆண் உறுப்பாக அமைப்பது. முதல் கட்டத்தை இங்கேயே செய்யலாம், மீதியை மெட்ராஸில் செய்வார்களாம்.

"உன்ன பழையபடி ஆக்கலாம்ப்பா. சின்ன வயசு. கல்யாணம்கூட ஆகலாம்."

"வேணாங்க. மூத்திரம் வந்தா போதுங்க" என்றேன்.

"நீ இப்ப பயத்துல இருக்க. உங்க வீட்டாளுங்க வரட்டும். ரத்த சம்பந்தம் யாராவது கையெழுத்துப் போட்டாத்தான் மயக்கம் குடுக்க முடியும்."

ரத்த சம்பந்தம் என்று எனக்கு இருந்தது அண்ணன் ஒருவர்தான். கீழ்ப்பென்னாத்தூர் பக்கம் மணிலாக்கொட்டை பயிர் வைத்துப் பிழைக்கிறவர். எட்டு வருடம் முன்பு, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவர். ராணியக்கா அங்கே போனால் அடிதான் விழும் என்று தெரியும். அப்படியும் போனாள். அடி விழவில்லை. திண்டாடித் திரும்பி வந்தவள் முகம் சரியாக இல்லை.

"உங்க அண்ணன் வராரு. மறுபடி ஆம்பளயாக்குறதா இருந்தாத்தான் கையெழுத்தாம். இல்லன்னா அப்டியே சாவட்டும்னாரு."

அன்றிலிருந்து எனக்கு வயிற்றுக் குழாய் பெரிதாகத் தெரியவில்லை. தூங்கவைத்துவிட்டு என்ன செய்வார்கள் என்பதுதான் பயம். விழித்திருக்கும்போது நான் வேண்டாம் என்று சொல்லலாம். மயக்கத்தில் கிடக்கிறவளிடம் யார் கேட்பார்கள்? ஒரு கத்திக்குத் துணிந்து இவ்வளவு தூரம் வந்தவளை இன்னொரு கத்தி திருப்பிக் கொண்டுபோய்விட்டால், எழுந்த பிறகு நான் யாராக இருப்பேன்? ராணியக்காவிடம் ஓடிப்போய்விடலாமா என்றுகூடக் கேட்டேன். குழாயைக் காட்டி, "இத்த வச்சிக்கினு எங்கடி ஓடுவ" என்றாள்.

அண்ணன் வந்தார். வார்டுக்குள் வரவில்லை. வெளி வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். தம்பியின் அந்த இடத்தைப் பற்றி இன்னொரு ஆளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குக் கூச்சம். டாக்டரைப் பார்க்க, கையெழுத்துப் போட, எல்லாவற்றுக்கும் அண்ணியை அனுப்பினார்.

அண்ணியின் பெயர் முனியம்மா. அவர் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. கொடியில் காயும் அவர் புடவையை எடுத்து யாரும் இல்லாத நேரத்தில் கட்டிப் பார்ப்பேன். ஒரு நாள், "மடிப்பு மாறிக்கீது தம்பி, உங்க அண்ணன் பார்த்தா வம்பு. எடுத்த மாதிரியே போடு" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அண்ணி என்றாலே அவ்வளவுதான் பேச்சு.

கட்டிலருகே வந்து தூக்குப்போசியை வைத்தார். "ரசஞ்சோறு. துன்னு தம்பி" என்றார். என் புடவையைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார். சர்ஜன் அறைக்குள் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

"அண்ணி, எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தலை தெரிந்தது.

"எல்லாம் நல்லபடியா ஆவும். பேசாத படு."

"எதுக்குப் போட்டீங்கன்னு சொல்லுங்க அண்ணி."

"படு தம்பி."

மறுநாள் காலை ஆபரேஷன் அறையில் ஈதர் வாடை குமட்டியது. முகத்தில் மூடியை வைக்கும் முன் சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், என்ன ஆம்பளயா ஆக்கிடாதீங்க" என்றேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். பதில் சொன்னாரா, எனக்குத்தான் கேட்கவில்லையா, தெரியாது. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வயிறு முழுக்கக் கட்டு. கீழேயும் கட்டு. வயிற்றில்தானே தோலை உருட்டுவார்கள்? குழாய் இருந்ததால் கட்டியிருக்கிறார்களா, தோலை எடுத்ததால் கட்டியிருக்கிறார்களா? கையை வைத்துத் தடவினால் நர்ஸ் கையைத் தட்டிவிடுவாள். அண்ணியைக் கேட்டால் தண்ணீர் குடி என்பார். ராணியக்காவைக் கட்டிலருகே வர அண்ணன் விடவில்லை. அவள் மரத்தடியில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் நாள் வராந்தாவில் அண்ணன் யாரோ ஊர்க்காரரிடம் பேசுவது காதில் விழுந்தது. "மொத கட்டம் முடிஞ்சிடுச்சாம். வயித்துத் தோல உருட்டி வச்சிக்கிறாங்க. இன்னும் ஆறு மாசம்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அண்ணி சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுவந்தார், தலையைத் திருப்பிக்கொண்டேன். அவரைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. செத்திருந்தால் பெண்ணாகவாவது செத்திருப்பேன் என்று நினைத்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் சொன்னேன். அவர் சோற்றுக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

நான்காம் நாள், மணிலாவுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று அண்ணன் ஊருக்குக் கிளம்பினார். அண்ணி பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் கட்டிலில் குனிந்து என் காதில் சொன்னார்.

"ஒண்ணும் உருட்டல தம்பி. நீ கேட்டியே, அதான் செஞ்சிக்கிறாங்க."

எனக்குப் புரியவில்லை.

"டாக்டரு ரெண்டையும் சொன்னாரு. அந்தப் புள்ள இன்னா சொல்லுச்சுன்னு கேட்டேன். மூத்திரம் வந்தா போதும்னு சொன்னான்னாரு. அப்ப அதையே பண்ணுங்கன்னு கைநாட்டு வச்சேன். உங்க அண்ணங்கிட்ட மட்டும் தோல உருட்டி வச்சிட்டாங்கன்னு சொன்னேன். அவரு ஜன்னலாண்டயே குந்திக்கினு இருந்தாரு. சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்ப. உன் மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பாரு."

"ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"தோலு ஒட்டலன்னுட்டாங்கன்னு சொல்றேன். அவரு வந்து அவுத்தா பார்க்கப் போறாரு?"

அண்ணி அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முந்தாநாள் பேசியதை மன்னிச்சிடுங்க என்றேன். "சோறு துன்னாத கெடந்தியே, அதுக்கு வேணா மன்னிப்புக் கேளு" என்றார். போய் ராணியக்காவையும் மரத்தடியிலிருந்து உள்ளே கூட்டி வந்தார்.

இரண்டு நாள் கழித்துக் குழாய்களை எடுத்தார்கள். வயிற்றில் பொத்தான் அளவு ஓட்டை ஒன்றுதான் இருந்தது, அதுவும் தானே மூடிக்கொள்ளும் என்றாள் நர்ஸ். கீழே போட்ட தையல் பலித்ததா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தானாக மூத்திரம் போனால் பலித்தது. போகாவிட்டால் மறுபடி வயிற்றைத் துளைக்க வேண்டும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது.

ஆண்கள் வார்டு கக்கூஸில் நிற்கத்தான் இடம். அண்ணி என் கையைப் பிடித்து வராந்தாவின் அந்தக் கோடிக்கு நடத்திப் போனார். பெண்கள் கக்கூஸ் வாசலில் நாலைந்து பேர் சொம்போடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி வழியை மறித்தாள்.

"இது பொம்பளைங்க போற எடம்."

"தெரியும்மா. அதான் இட்டாந்தேன். எங்க வூட்டுப் பொண்ணு, ஆபரேஷன் ஆன ஒடம்பு. கொஞ்சம் வழி வுடு."

சொல்லிக்கொண்டே என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, வெளியே முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். நான் புடவையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. கண்ணை மூடினேன், வரவில்லை. வெளியே பெண்கள் முணுமுணுப்பது கேட்டது. பிறகு சுருக்கென்று ஓர் எரிச்சல். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அப்புறம் தாரையாக, நிற்காமல், சத்தத்தோடு வந்தது.

அண்ணி கதவைத் தட்டினார். அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி, அவருக்குத் தெரிந்த ஒரே விதமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி."